அடம்பங்கொடிக்கு எவ்வளவு வண்ணம் வேண்டும்?

பாப்பி, லாவெண்டர், டியூலிப், சூரியகாந்தி. சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த ரிசார்ட்டுக்குள் நுழைந்தாலும் வரவேற்பறைச் சுவரில் இந்த நாலில் ஒன்று தொங்கும். ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி கத்தியால் வண்ணத்தை அப்பி, இதழ்கள் புடைத்து நிற்கும் படங்கள். கிட்டப் போனால் விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். இன்ஸ்டாகிராமில் இதற்குத் தனி உலகமே உண்டு. கத்தி ஓர் இழுப்பு, ஓர் இதழ். இன்னோர் இழுப்பு, இன்னோர் இதழ். அரை நிமிடத்தில் ஒரு தோட்டம். பார்த்துக்கொண்டே இருக்கலாம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தடித்த எண்ணெய் வண்ணத்தோடு எனக்குப் பகை ஏதும் கிடையாது. என் சந்தேகம் வேறு. அதே சாலை மரக்காணத்தைத் தொடும்போது பக்கத்தில் உப்பளம் விரிகிறது. பாத்தி, வரப்பு, கறுத்த சேறு, வெள்ளைக் குவியல். வரப்போரம் உமரி. கடல் பக்கத்து மணல்மேட்டில் அடம்பு. ஊருக்குள் தாழையும் புன்னையும். நெய்தல் திணையின் கருப்பொருள் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அதில் பாதி அங்கே உயிரோடு நிற்கிறது. ஆனால் அந்த ரிசார்ட் சுவரில் தொங்குவது டச்சுக்காரர்களின் டியூலிப். சரி, ஒருவர் உட்கார்ந்து அடம்பை இப்படித் தடிமனாக வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். டியூலிப்புக்குப் பழகிய கத்தி அடம்புக்கு ஒத்துவருமா?

வான்கோ இல்லாமல் இந்தப் பேச்சு நகராது. எல்லாரும் சொல்கிற சூரியகாந்தியை விட்டுவிட்டு வேறு படங்களுக்குப் போகலாம். 1890 மே மாதம், சான் ரெமி மனநலக் காப்பகத்தைவிட்டுக் கிளம்பும் முன் வான்கோ நான்கு பூங்கொத்துகளை வரைந்தார். இரண்டு ஐரிஸ், இரண்டு ரோஜா. கிளம்பும் நாள் வந்தபோது வண்ணம் காய்ந்திருக்கவில்லை. படங்களை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறினார். அவை ஜூனில்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. எண்ணெய் வண்ணம் துணி காய்வதுபோல் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு என்றால் சில நாள். அப்பி வைத்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே மாதக்கணக்கில் பச்சையாகக் கிடக்கும்.

அந்த நான்கு படங்களுக்கும் பிறகு நேர்ந்த கதி அடம்பை வரைய நினைக்கிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வான்கோ பயன்படுத்திய ஒரு சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் ரகம். ஊதாவாக இருந்த ஐரிஸ் இன்றைக்கு நீலமாக இருக்கிறது. இளஞ்சிவப்பாக இருந்த ரோஜாக்கள் ஏறத்தாழ வெள்ளையாகிவிட்டன. கத்தியும் தூரிகையும் உழுத தடம் அப்படியே நிற்கிறது, நிறம் மட்டும் போய்விட்டது. அடம்பின் நிறம் எது? சிவப்பும் ஊதாவும் கலந்த அதே நிறம்தான், தொண்டைக்குள் போகப் போகக் கருக்கும். இன்றைக்குக் கினாக்ரிடோன் போன்ற உறுதியான சாயங்கள் கிடைக்கின்றன. ஆகவே வான்கோவின் சிக்கல் நமக்கு இல்லை. இருந்தாலும் அந்தப் படங்கள் ஒன்றைச் சொல்லித் தருகின்றன: பூவில் கனமும் நிறமும் ஒன்றோடொன்று பிணைந்த விஷயமில்லை. ஒன்றை விட்டு மற்றொன்று போக முடியும்.

நம் மொழிக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன். சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்கிறோம். தணலின் மேல் நீறு பூக்கிறது. ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கிறது. வயதானவர் கண்ணில் பூ விழுகிறது. இத்தனை இடத்திலும் பூ என்பது ஏதோ ஒன்றின் மேற்பரப்பில் வந்து படியும் மெல்லிசான ஒன்று. ஊதினால் போய்விடும், துடைத்தால் போய்விடும். உப்பளத்திலும் அப்படித்தான். காற்றில்லாத நடுப்பகலில் பாத்தி நீரின் மேல் ஏடு படிகிற மாதிரி உப்பு மெல்லக் கட்டும். காலை வைத்தால் உடைந்து அடியில் இறங்கும். தமிழில் பூ என்று சொன்னவுடனேயே கனமின்மையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இம்பாஸ்டோ என்று ஓவியர்கள் சொல்லும் தடித்த பூச்சு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

மரக்காணத்துப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி எனக்குத் தோழி. பேர் சொன்னால் திட்டுவாள். முறையாக ஓவியம் படித்தவள், இரண்டு வருடமாக இந்தக் கரையின் காட்டுப்பூக்களை எண்ணெயில் வரைந்துகொண்டிருக்கிறாள். மூன்று படங்களை வைத்து அவளோடு போட்ட சண்டைதான் இந்தக் கட்டுரை.

முதல் படத்தில் ஒரே ஓர் அடம்பம்பூ. கேன்வாஸ் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு. பின்னணி வெளிர் மஞ்சள். கத்தியால் ஐந்தாறு இழுப்பு, விளிம்பு உதடு மாதிரி புடைத்திருந்தது. தொழில் சுத்தம் என்றால் அவ்வளவு சுத்தம். அவள் பெரியம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, செம்பருத்தியா?" என்றார். பிறந்ததிலிருந்து அடம்பை மிதித்து நடந்த மனுஷி. ஒரு விமர்சகன் பத்துப் பக்கத்தில் எழுத வேண்டியதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். எந்த இதழையும் ஒரே தடிமனில் அப்பினால் எல்லாப் பூவும் ஒரே பூவாகிவிடும். பாப்பியும் செம்பருத்தியும் அடம்பும் கத்தியின் இழுப்பில் ஒரே சாதி. அடம்பை அடம்பாக்குவது அதன் இதழ் அவ்வளவு மெல்லியது என்பதுதான். காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருண்டு ஈரக் காகிதம்போல் தொங்கிவிடும். வெயில் அதன் ஊடாகக் கடந்து வரும்.

அந்த வெளிர் மஞ்சள் பின்னணி மேல் எனக்கு இன்னொரு வருத்தம். மணலிலிருந்து பூவைக் கிள்ளி எடுத்து ஒன்றுமில்லாத இடத்தில் வைப்பது நமக்குத் தாவரவியல் படங்களிலிருந்து வந்த பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ராபர்ட் வைட் சென்னை மாகாணத்துச் செடிகளைத் திரட்டியபோது, அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த வைட்டின் 'ஐகோனிஸ்' நூலில் 2,101 படத்தகடுகள். இலை நரம்பு, மகரந்தத் தாள், அறுத்துப் பிரித்த சூலகம் எல்லாம் தனித்தனியே இருக்கும், சுற்றிலும் வெள்ளைத் தாள். கோவிந்துவின் பேரில் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று பெயரே வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இந்திய ஓவியருக்குச் செய்த அபூர்வ மரியாதை. (பெயர் நிலைக்கவில்லை, பிறகு வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள்.) அந்தப் படங்களின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. செடியை அடையாளம் காண வெள்ளைத் தாள் தேவை. ஆனால் ஓவியத்துக்கு அந்தத் தேவை கிடையாது. அடையாளம் காட்டும் வேலையை இன்றைக்கு போன் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

செடியை மறுபடி நிலத்தில் கொண்டுபோய் வைத்தவர் என்று மரியான் நார்த்தைச் சொல்லலாம். தாவர ஓவியம் என்றால் நீர்வண்ணம் என்று இருந்த காலத்தில் எண்ணெயை எடுத்துக்கொண்டு தனியாக உலகம் சுற்றிய பெண். 1877 முதல் 1879 வரை இந்தியாவில் இருந்தார். மதுரை, தஞ்சாவூர் என்று நம் பக்கமும் வந்துபோனார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய கூடத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள் சுவரே தெரியாமல் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. பல படங்களில் பூவுக்குப் பின்னால் மலை இருக்கும், ஆறு இருக்கும், வானம் இருக்கும். தாவரவியலாளர்களுக்கும் ஓவிய ரசிகர்களுக்கும் ஒருசேரச் சங்கடம் தந்த படங்கள் அவை. எனக்கு அந்தச் சங்கடம் பிடிக்கும். என்றாலும் பின்னணி அவருக்குப் பின்னணியாகவே நின்றுவிடுகிறது, மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை மாதிரி. மண்ணும் பூவும் ஒரே பொருளால் ஆனவை என்ற உணர்வு வருவதில்லை.

தோழியின் இரண்டாவது படம் உப்பைப் பற்றியது. யாரோ யோசனை சொன்னார்களாம், உப்பள ஓவியம்தானே, உப்பையே வண்ணத்தில் கலந்தால் என்ன என்று. கல்லுப்பை நுணுக்கி வெள்ளையில் குழைத்து அப்பினாள். வெயில் காலத்தில் பார்க்கப் பிரமாதம். மின்னியது. வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் படம் வேர்க்க ஆரம்பித்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், எண்ணெயோடு சேராது. நாலு வாரத்தில் வெள்ளை நீர்கோத்து உமரியின் மேல் வழிந்திறங்கியது. சில நண்பர்கள் இதையும் கலை என்றார்கள், அழிவே அதன் பொருள் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அதில் ஒப்புதலே இல்லை. பொருளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டால் பார்த்ததாகிவிடும் என்ற சோம்பேறித்தனம் அது. மீன் கடையை வரைய மீனை ஒட்டுவோமா?

ஆனால் அந்தப் படத்தில் உப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு மூலையில் நல்ல சேதி இருந்தது. உமரி. இதன் பூ கண்ணுக்கே தெரியாத பச்சைப் பொடி. யாரும் பூ என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இலைதான் எல்லாம். உவர்நீரைக் குடித்துச் சின்னச் சின்ன உருளையாக உப்பி நிற்கும், வெயில் ஏற ஏறச் சிவக்கும். அந்த உப்பலுக்குத் தடித்த எண்ணெய் கச்சிதமாகப் பொருந்தியது. ஒவ்வோர் இலையும் தூரிகையை ஊன்றி எடுத்த ஒரு பொட்டு. நகத்தால் அழுத்தினால் தண்ணி வரும்போல இருந்தது. இந்தக் கரையில் செடிகள் எதைத் தடிமனாக வைத்துக்கொள்கின்றன, எதை மெலிதாக விடுகின்றன என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. உப்பில் பிழைக்க வேண்டும் என்றால் தண்ணீரைச் சேர்த்து வைக்க வேண்டும், அதனால் இலையும் தண்டும் தடிக்கின்றன. மணலில் படரும் செசூவியம் என்ற கொடியைப் பாருங்கள். இலை விரல்நுனி மாதிரி கொழுகொழுவென்று இருக்கும். பூவோ இளஞ்சிவப்பில் ஒரு சின்ன நட்சத்திரம். அதிலும் இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை, புல்லியின் உள்பக்கம். இதழுக்குச் செலவழிக்க அதனிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவது படம் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட படம். நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். முக்கால் பங்கு சேறும் மணலும். பழுப்பும் கறுப்பும் கொஞ்சம் நீலமும் சேர்த்து ஒரு மரப்பலகைத் துண்டால் இழுத்திருக்கிறாள், பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் பலகையை இழுப்பதுபோல. சில இடங்களில் அரை அங்குலம் புடைத்திருக்கிறது. அதன் மேல் அடம்பின் தண்டு கயிறாக ஓடுகிறது. ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்த இலைகள் தடித்துக் கிடக்கின்றன. பூ இரண்டு. அவை இருக்கும் இடத்தில் வண்ணமே இல்லை என்று சொல்லத் தோன்றும். சுற்றிலும் சேறு உயர, பூவின் இடம் மட்டும் பள்ளமாகக் கேன்வாஸின் வெள்ளைப் பூச்சு வரை இறங்கியிருக்கிறது. அந்த வெள்ளையின் மேல் ஊதாச்சிவப்பு ஒரே ஒரு மெல்லிய கசிவாக.

இது வெறும் உத்தி என்று ஒதுக்க முடியாது, காரணம் இருக்கிறது. தடித்த வண்ணத்தில் வெளிச்சம் மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மெல்லிய பூச்சில் உள்ளே புகுந்து, அடியிலுள்ள வெள்ளையில் பட்டு, நிறத்தின் ஊடாகத் திரும்பி வரும். காலை வெயிலில் அடம்பம்பூ ஒளிர்வதும் இப்படித்தான். எண்ணெய் ஓவியத்தில் ஒரு பழைய விதி உண்டு, எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடியது மேலே. மாற்றிச் செய்தால் வெடிக்கும். தடித்த சேற்றின் மேல் மெல்லிய பூவை வைத்தால் ஒருநாள் விரிசல்தான். ஆகவே அவள் பூவின் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டுச் சுற்றிலும் நிலத்தைக் கட்டியிருக்கிறாள். பெரியம்மா இந்த முறை என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். "அது கால்ல மிதிபடுற மாதிரியே கீது" என்று மட்டும் முணுமுணுத்தாராம்.

குறையும் இருக்கிறது. இடது மேல் மூலையில் ஓர் உப்புக் குவியல், ட்யூபிலிருந்து பிதுக்கிய வெள்ளை. குவியலின் நிழல் பக்கம் சாம்பலும் நீலமுமாக இருக்கும் என்பது தினமும் பார்க்கிற அவளுக்குத் தெரியாதா? சுற்றுலாத் துறை போஸ்டர் அந்த மூலை வழியாக உள்ளே வந்துவிட்டது. கையெழுத்தையும் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாம்.

இங்கே யாராவது சிறுபாணாற்றுப்படையைத் தூக்கிக்கொண்டு வரலாம், வரவும் வேண்டும். அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கிற கரைக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றே பெயர். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்துக்குப் போகும் கடற்கரை வழியைச் சொல்லும்போது அவர் நான்கு பூக்களைக் காட்டுகிறார். தாழை அன்னமாகிறது, செருந்தி பொன்னாகிறது, முண்டகம் மணியாகிறது, புன்னை முத்தாகிறது. முண்டகம் என்பது கழிமுகச் சேற்றுக்கே உரிய கழுதைமுள்ளி என்பார்கள். பொன், மணி, முத்து. மூன்றும் கெட்டியான, கனமான பொருள்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம் கவி பூவை இம்பாஸ்டோவில் வரைந்துவிட்டான், நீ என்ன மெலிசு மெலிசு என்கிறாய் என்று தோழியே கேட்டாள்.

நல்ல கேள்வி. என் பதில், அந்த வரிகளின் வினைகளைக் கவனி என்பது. பூ பொன்னாக இருக்கிறது என்று அவர் நிறுத்திவிடவில்லை. பொன்னோ என்று மயங்கவைக்கிறது, முத்தை வைக்கிறது என்று ஒவ்வொரு செடியும் ஏதோ ஒரு காரியம் செய்கிறது. பரிசில் தேடிப் பசியோடு நடக்கிற பாணனின் கண்ணுக்கு வழியே செல்வமாகத் தெரிகிறது. பொன்னும் முத்தும் பூவின் எடையைச் சொல்லவில்லை, பார்க்கிறவனின் இல்லாமையைச் சொல்கின்றன. புன்னையில் முத்து என்று அவர் சொல்வது அரும்பாக இருக்கலாம், உதிர்ந்து கிடக்கும் பூவாகவும் இருக்கலாம். இரண்டுமே அடுத்த நாள் இருக்காது. அந்த நிலையாமை இல்லாமல் முத்தை மட்டும் எடுத்து அப்பினால் நமக்கு நகைக்கடை விளம்பரம்தான் மிஞ்சும்.

தமிழ் ஓவியத்தில் எனக்கு இதற்கு நெருக்கமாகத் தெரிபவர் பூ வரையாத ஒருவர். ஆதிமூலம். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அவர் கோட்டோவியர். காந்தி வரிசையும் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்தவையும் நினைவுக்கு வரும். ஆனால் பின்னாளில் அவர் வரைந்த பெரிய எண்ணெய் வண்ண அரூபங்களில் கோடு காணாமல் போய், வண்ணம் படலம் படலமாகப் படிகிறது. உழுது போட்ட நிலத்தை மேலிருந்து பார்ப்பதுபோல. அந்தத் தடிமனுக்கு அங்கே வேலை இருக்கிறது: ஒரு நிறத்தின் அடியில் இன்னொன்று புதைந்து கிடக்கிறது, ஓரங்களில் எட்டிப் பார்க்கிறது. பூப்பதற்கான நிலம் அவரிடம் இருக்கிறது. அதில் ஒரு பூவை வைக்கும் துணிச்சல் அடுத்து வருகிறவர்களின் பாடு.

ஒரு பூவுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். அரசின் தரிசுநில வரைபடங்களில் உவர் ஏறிய நிலம் என்று ஒரு வகைப்பாடு உண்டு. தரிசு என்றால் காலி, காலி என்றால் எதையும் கொண்டுவந்து வைக்கலாம். 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 5,000 ஹெக்டேருக்கு மேல். அது நடந்ததில் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நம்புகிறேன். பூநாரையைப் படத்தில் பார்த்த யாரும் அந்த நீர்ப்பரப்பைக் காலி என்று சொல்லமாட்டார்கள். (பேரிலேயே பூ இருக்கிறது, பாருங்கள்.) உமரிக்கும் அடம்புக்கும் அப்படி ஆள் இல்லை. மணலை அள்ளிப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் கொடி அது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றால் முதலில் சுரண்டி எறியப்படுவதும் அதுதான். சுரண்டிய இடத்தில் கட்டும் அறைக்குள் டியூலிப் தொங்குகிறது.

தோழி இப்போது புன்னையில் கைவைத்திருக்கிறாள். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து, கரும்பச்சையில் பளபளக்கும் தடித்த இலை. இலையை அப்பலாம், வெள்ளை இதழை வெள்ளைக் கேன்வாஸிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் பதில் இல்லை. மூன்றாவது படத்தைக் கேட்டு ஒருவர் வந்தாராம், பூவைக் கொஞ்சம் தூக்கலாகக் காட்டித் தர முடியுமா என்று. முடியாது என்றிருக்கிறாள். எப்படியும் இப்போதைக்குக் கொடுக்க முடியாது. மழைக்காலம், வீட்டுக்குள் எல்லாமே நசநசவென்று இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓரத்தில் நகம் வைத்துப் பார்க்கிறாள். சேறு இன்னும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கிறது. பூ முதல் வாரத்திலேயே காய்ந்துவிட்டது.